குறுவட்டப் போட்டிக்கு முன் பத்து வாரம்: புதிதாக ஓட வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு

வருஷா வருஷம் இதே கதைதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், பி.டி. சார் வந்து "1500, 3000 ஓட யாரெல்லாம் வாரீங்க" என்று கேட்பார், கூட்டாளி கையைத் தூக்கினான் என்று நீயும் தூக்குவாய், மறுநாளே கிரவுண்டில் எட்டு ரவுண்டு மூச்சு முட்ட ஓடிவிட்டு இரண்டு நாள் படி இறங்க முடியாமல் நொண்டுவாய். மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்பில் வலி. போட்டி அன்றைக்கு முட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். குமரி மாவட்டத்தில் ஓடக்கூடிய பிள்ளைகளுக்கு என்றைக்கும் குறைவில்லை, ஆனால் பாதிப் பேர் ஓட்டம் தொடங்கும் முன்பே கழன்றுவிடுகிறார்கள்.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதுகிற குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்ட அளவு, அதற்கப்புறம் மாநிலம். மே முதல் வாரம் தொடங்கினால் ஜூலை பத்து, பன்னிரண்டு தேதிக்குள் பத்து வாரம் கிடைக்கும். இதுவரை ஓடியே பழக்கமில்லாத ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பத்து வாரத்தில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 800, 1500, 3000 எதற்குப் பெயர் கொடுத்திருந்தாலும் முதல் ஆறு வாரம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஓடத் தொடங்கும் முன்

மூன்று கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல். ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? ஓடும்போது நெஞ்சுவலியோ, நின்ற பிறகும் அடங்காத படபடப்போ வந்திருக்கிறதா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் டாக்டரைப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும், இதில் பேரமே கிடையாது. இழுப்பு இருக்கிற பிள்ளைகள் தாராளமாக ஓடலாம், ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடு, இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதே.

அப்புறம் ஷூ. பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூ அணிவகுப்புக்குப் போதும், வாரம் ஐந்து நாள் ஓட அது தாங்காது. விலை கூடிய பிராண்ட் வேண்டும் என்று வீட்டில் சண்டை போடாதே, இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண ரன்னிங் ஷூவே முதல் வருஷத்துக்குப் போதும். சாயங்காலம் கடைக்குப் போ, பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. போட்டுக்கொண்டு எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஷூவைக் கையில் பிடித்து மடக்கிப் பார்: விரல் மடங்குகிற இடத்தில் மடங்கினால் நல்லது, நட்ட நடுவில் இரண்டாக மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடு. சின்ன வயதிலிருந்தே வெறுங்காலோடு திரிந்து பழகிய பிள்ளை புல்தரையிலோ மண்ணிலோ வெறுங்காலிலேயே ஓடலாம், தப்பில்லை. ஷூவிலிருந்து வெறுங்காலுக்கோ வெறுங்காலிலிருந்து ஷூவுக்கோ ஒரே நாளில் மாறுவதுதான் கெண்டைக்காலைப் பழுதாக்கும். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

எங்கே ஓடுவது

இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம், அதாவது பூதப்பாண்டி, தோவாளை, சுசீந்திரம் வட்டாரம் என்றால் சானல் கரைதான், அதாவது வயலுக்குத் தண்ணீர் போகிற கால்வாய்க் கரைதான் முதல் தேர்வு. மண் பாதை, சமதளம், ஒரு பக்கம் வயல், தெங்கு நிழல் வேறு. தார் ரோட்டை விடக் காலுக்கு மெத்தென்று இருக்கும். எங்கே கரை இடிந்து கிடக்கிறது, எங்கே முள் கிடக்கிறது என்று முந்தின நாளே ஒரு தடவை நடந்து பார்த்துவிடு. இருட்டில் மட்டும் போகாதே, கரையில் பாம்பு கிடக்கும், பாவம் அதற்கும் அது வழிதான்.

மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டார், கருங்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எங்கே திரும்பினாலும் ஏற்றமும் இறக்கமும். இதைக் குறையாக நினைக்கிறார்கள், எனக்குக் கேட்டால் அதுதான் சொத்து என்பேன், ஏனென்றால் ஏற்றத்தில் ஓடும் கால் தனியாக ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் முதல் மூன்று வாரம் ஏற்றம் வந்தால் நடந்து ஏறு, வெட்கப்படாதே. இறக்கத்தில் தாவித் தாவி இறங்காதே, முட்டு வாங்குவது ஏறும்போதை விட இறங்கும்போதுதான். ரப்பர் தோட்டத்துப் பாதைகள் அருமையான இடம், ஆனால் காலையில் பால் வெட்டுகிறவர்கள் வேலையில் இருப்பார்கள், சிரட்டையைத் தட்டிவிடாமல் ஓடு. மழை விழுந்தால் செம்மண் சவுக்காரம் மாதிரி வழுக்கும், அன்றைக்கு வேறு இடம் பார்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மணல். சொத்தவிளை, சங்குத்துறை, மணக்குடி, முட்டம் எங்கே ஆனாலும் ஒரே விதி: காய்ந்த மணலில் ஓடாதே, அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓடு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு, கரை சரிவாக இருக்கும், ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும். அதனால் போன தூரத்தையே அதே வழியில் திரும்பி ஓடி வா, இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் மணல் வேண்டாம். ஓடி முடித்து வேர்த்து வடியும்போது கடலில் ஒரு முங்கு போடலாம் என்று தோன்றும், மே மாதம் அந்த ஆசையை அடக்கிக்கொள். சத்தமில்லாமல் பொங்கி வருகிற கள்ளக்கடல் அந்தக் காலத்தில்தான் அடிக்கடி வரும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு வடசேரி பக்கம் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அங்கே ஒரு ஆபத்து: பக்கத்தில் பெரிய அண்ணன்கள் ஸ்பைக்ஸ் போட்டுப் பறந்துகொண்டிருப்பார்கள், அவர்களைப் பார்த்து உனக்கும் கால் துறுதுறுக்கும். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போ, மற்ற நாள் மண்ணில் ஓடு.

மெயின் ரோட்டை மறந்துவிடு. கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு வருகிற டாரஸ் லாரிக்காரருக்கு உன்னைக் கண்ணில் படவே படாது. வேறு வழியே இல்லை என்றால் வண்டி எதிரே வருகிற பக்கமாக, அதாவது ரோட்டின் வலப்பக்கம் ஓடு, வெளிர்நிறச் சட்டை போடு, காதில் இயர்போன் வேண்டாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கு, ஓடினால் அது விடாது. கடித்துவிட்டால் சின்னக் கீறல்தானே என்று மறைக்காதே, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடு.

எவ்வளவு வேகம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படி.

சானல் கரையில் ஒரு நாள் காலை இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பக்கத்தில் போய்ப் பையனிடம், "மக்கா, காலம்பற என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். "கட்டன்... சாயா... அண்ணே" என்றான். மூன்று வார்த்தைக்கு மூன்று மூச்சு. அதே கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டதும், "ராத்திரி மிச்சம் வந்த மரச்சீனிக்கிழங்க அம்மா தாளிச்சுத் தந்தாவ அண்ணே, நான் ரெண்டே துண்டுதான் தின்னேன், ஓடணும்லா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பயிற்சி செய்துகொண்டிருந்தாள், பையன் தினமும் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் மெதுவான வேகம் வேண்டும், அதற்காக அவன் மோசமான ஓட்டக்காரன் என்று அர்த்தமில்லை.

கதை பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், அவ்வளவுதான் அளவுகோல். வாட்ச், ஆப் எதுவும் தேவையில்லை. தனியாக ஓடுகிறாய் என்றால் ஏதாவது ஒரு பாட்டின் நாலு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார், நடுவில் திணறினால் வேகத்தைக் குறை. புதிதாக வருகிற பலருக்கு இது ஒரு கிலோமீட்டருக்கு ஏழு, எட்டு நிமிஷம் என்கிற அளவுக்கு மெதுவாக இருக்கும். நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் உன்னை முந்திக்கொண்டு போவார், போகட்டும். அவருக்கு ஜூலையில் போட்டி இல்லை.

800 மீட்டர் ஓட அரை மணி நேரம் எதற்கு மெதுவாக ஓட வேண்டும் என்று கேட்பாய். 1500 மீட்டருக்கு உடம்பு செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜனை வைத்துத்தான் வருகிறது, 800இல் கூட பாதிக்கு மேல் அப்படித்தான். அந்த ஆக்சிஜன் இயந்திரம் பெரிதாவது மெதுவான நீண்ட ஓட்டத்தில்: இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தம் கூடும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அந்த 800 மீட்டர்க்காரரை மலைப் பாதையில் 35 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்துக்கு அனுப்பியவர். நீ 35 ஓட வேண்டாம், 35 நிமிஷம் ஓடு போதும்.

மெதுவாக ஓடச் சொல்வதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மூச்சு சீக்கிரம் தேறிவிடும், நாலாவது வாரமே "அண்ணே, இப்ப எளுப்பமா இருக்கு" என்பாய். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் தேறாது, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். புதிய சுமை விழுந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும், அதனால் தொடங்கிய சில வாரங்களில் அது முன்னைவிடக் கொஞ்சம் பலவீனமாகக்கூட இருக்கும். மூச்சு போ போ என்று சொல்லும்போது எலும்பு பொறு என்று சொல்லும், ஆனால் அதற்குச் சத்தம் போடத் தெரியாது, உடைகிற வரை. நாலாவது வாரத்தில்தான் நிறையப் பிள்ளைகளுக்கு அடிபடுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

வாரக் கணக்கு

முதல் வாரம் நாலு நாள் போதும், திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வைத்துக்கொள். பத்து நிமிஷம் வேகமாக நட. அப்புறம் மூன்று நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, இப்படி ஐந்து தடவை. கடைசியில் ஐந்து நிமிஷம் நடந்து முடி. "இவ்வளவுதானா" என்று தோன்றும், தோன்ற வேண்டும். இரண்டாவது வாரம் ஐந்து நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, நாலு தடவை. மூன்றாவது வாரம் பத்து நிமிஷ ஓட்டம் இரண்டு, நடுவில் ஒரு நிமிஷ நடை, அந்த வாரக் கடைசியில் இருபது நிமிஷம் நிற்காமல் ஓடிப் பார். முடியவில்லை என்றால் அதே வாரத்தைத் திரும்பச் செய், யாரும் மார்க் போடவில்லை.

நாலாவது வாரம் மூன்று நாள் இருபது நிமிஷம், சனிக்கிழமை மட்டும் முப்பது. வேகத்தைக் கூட்டாதே. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் ஐந்தாம் நாள் ஒன்றைச் சேர்: நாலு நாள் 25 முதல் 30 நிமிஷம், சனிக்கிழமை நாற்பது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் கிடையாது, கோயிலோ சர்ச்சோ தூக்கமோ உன் இஷ்டம்.

இந்த இரண்டு வாரத்தில்தான் ஸ்ட்ரைட்ஸ் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டம் முடிந்ததும் எண்பது மீட்டர் அளவுக்குப் புல்லிலோ மண்ணிலோ நாலு தடவை வேகமாக ஓடு. பாய்ச்சல் கிடையாது, மெல்லத் தொடங்கி நடுவில் நல்ல வேகம் பிடித்துக் கடைசியில் தானாகத் தளர்வது. தோளும் தாடையும் இறுகாமல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுக்க அடங்கும்வரை நட, ஒரு நிமிஷம் ஆனாலும் சரி, இரண்டு ஆனாலும் சரி. ஆறு வாரம் மெதுவாக ஓடினால் வேகம் செத்துப்போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு மருந்து இதுதான்.

ஏழாவது வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறை. இந்த வாரத்தைத்தான் பிள்ளைகள் தாண்டிக் குதிப்பார்கள், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதற்குக் குறைக்க வேண்டும் என்று. நன்றாகப் போய்க்கொண்டிருப்பதால்தான்.

எட்டு, ஒன்பதாவது வாரங்களில் ஒரு நாள் கடினமான வேலை. பத்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு எட்டு நிமிஷம் கொஞ்சம் வேகமாக ஓடு, இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகம், ஆனால் இன்னும் எட்டு நிமிஷம் இழுக்க முடியும் என்று தோன்றுகிற வேகம். மூன்று நிமிஷம் நடை. இன்னொரு எட்டு நிமிஷம். பத்து நிமிஷம் மெதுவாக ஓடி முடி. மார்த்தாண்டம், குலசேகரம் மாதிரி மேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பதாவது வாரம் இதற்குப் பதிலாக நூறு மீட்டர் ஏற்றம் ஒன்றைப் பிடித்து ஆறு தடவை ஏறலாம், இறங்கும்போது நடை. மற்ற நாட்கள் பழையபடி பேசிக்கொண்டே ஓடுகிற வேகம், சனிக்கிழமை 45 நிமிஷம்.

பத்தாவது வாரம்தான் போட்டி வேகத்தைக் கால் ருசி பார்க்கும். 400 மீட்டர் ஆறு தடவை, நடுவில் இரண்டு நிமிஷ நடை. 1500 மீட்டரை ஐந்து நிமிஷத்தில் ஓட நினைக்கிறாய் என்றால் ஒரு சுற்றுக்கு 80 நொடி, 3000 மீட்டரை 11 நிமிஷம் 15 நொடியில் என்றால் ஒரு சுற்றுக்கு 90 நொடி. முதல் சுற்றை 70இல் ஓடிவிட்டுக் கடைசியை 95இல் ஓடுகிறவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ஆறும் ஒரே மாதிரி வர வேண்டும். ஸ்பைக்ஸ் கிடைத்தால் கடைசி இரண்டு ரவுண்டு மட்டும் போட்டுப் பார். அந்த வாரம் மற்ற நாள் எல்லாம் இருபது நிமிஷத்தோடு நிறுத்து.

ஓடும் முன் கால் வீசுவது, முழங்காலைத் தூக்கி நடப்பது, நீளமாக எட்டு வைத்து முழங்காலை மடக்கித் தாழ்கிற லஞ்ஜ் (lunge) நடை என்று அசைந்துகொண்டே செய்கிறவற்றைச் செய். நின்ற இடத்தில் இழுத்துப் பிடிக்கிற ஸ்ட்ரெச்சிங் எல்லாம் ஓடி முடித்த பிறகு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுத் திண்ணையிலேயே பத்து நிமிஷம்: படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து, உட்கார்ந்து எழுவது பதினைந்து, ஒற்றைக் காலில் முப்பது நொடி, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கிற பிளாங்க் முப்பது நொடி, எல்லாம் இரண்டு தடவை.

வலி

தொடை, கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, இரண்டு நாளில் போகிற வலி சாதாரணம். முன்னங்கால் எலும்பின் உள்பக்க ஓரமாக நீளத்துக்கு வலித்தால் சுமை கூடிவிட்டது என்று அர்த்தம், நாலைந்து நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு சைக்கிள் மிதி, திரும்பும்போது முந்தின வாரக் கணக்கிலிருந்து தொடங்கு. அதே எலும்பில் ஒரே இடத்தில், ஒற்றை விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டுகிற மாதிரி வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது சுள்ளென்றால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார்க்கும்வரை ஓடவே கூடாது. முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதே. முட்டுச் சில்லுக்குக் கீழே புடைத்து வலிப்பது வளர்கிற வயதில் நிறையப் பேருக்கு வரும், பயப்பட வேண்டாம், குறைத்து ஓடினால் போதும். தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் தைலம் தேய்த்து வலியை மறைத்துக்கொண்டு ஓடுவது வேறு.

சாப்பாடு, தண்ணீர்

"பிள்ளை இப்பிடி ஓடுனா மெலிஞ்சு போவா" என்று அம்மாமார் சொல்வதை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஓடுகிற பிள்ளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும், குறைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் எலும்புதான் முதலில் சொல்லும். ஓடப் போகும் முன் ஒரு மட்டிப்பழமோ பாதி ஏத்தன்பழமோ போதும், புட்டும் கடலையும் தின்றுவிட்டு வந்தால் சானலில்தான் கிடக்கும். ஓடி வந்து ஒரு மணி நேரத்துக்குள் கஞ்சியும் பயறும், கூட ஒரு முட்டை. மத்தியானம் சோற்றோடு சாளை மீன். விலை மலிந்து கிடக்கிற நாளில் சாளையை விட நல்ல புரோட்டீன் டப்பா எந்தக் கடையிலும் இல்லை. ஜிம்மில் யாராவது பவுடரோ ஊசியோ நீட்டினால் வாங்காதே. எனர்ஜி டிரிங்க்கும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு விஷயம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவளுக்குக் காரணமில்லாமல் கால் கனக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், முடிந்தால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற பெரிட்டினும். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒன்று தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல் சாப்பிடு. மாத்திரைக்கும் சாயாவுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும், சாயா இரும்பை ஏறவிடாது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஏற்றும். மாதவிலக்கு நாளில் உடம்பு கேட்டால் ஓடலாம், கேட்காவிட்டால் விடலாம். ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால் அது திறமையின் அடையாளம் ஒன்றும் இல்லை, சாப்பாடு பற்றவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். அம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பார்.

வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். வெள்ளனே எழும்பி வெளிச்சம் வந்ததும் தொடங்கு, ஏழரைக்குள் முடி. நம் ஊரில் வெயிலை விடப் புழுக்கம்தான் வில்லன், வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, மோர், இளநீர், எது வீட்டில் இருக்கிறதோ அது. ஓடிக்கொண்டிருக்கிறவன் உளறத் தொடங்கினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108க்குக் கூப்பிடு, ஊற்றுவதை நிறுத்தாதே.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு

ஜூனில் இரண்டு இடைஞ்சல் ஒன்றாக வரும், டியூஷனும் இடவப்பாதி மழையும். சாரலில் ஓடலாம், சுகமாகவே இருக்கும், இடி முழங்கினால் மட்டும் திறந்த வெளியில் நிற்காதே. நனைந்த ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் மறுநாளுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்று வேறு: போகும்போது எதிர்க்காற்றில் போ, திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். காற்றை எதிர்த்து ஓடும் நாளில் வேகம் குறைவது இயற்கை, மூச்சை மட்டும் பார்.

காலையில் ஓட வேண்டும் என்றால் ராத்திரி தூங்க வேண்டும். உன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். பதினொன்றரை வரை போனில் ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு எழும்புவதானால் அன்றைக்கு ஓடாமல் தூங்குவதே மேல். வாரத்தில் ஒரு நாள் விட்டுப் போனால் மறுநாள் இரண்டு நாள் ஓட்டத்தைச் சேர்த்து ஓடாதே, போனது போகட்டும். பி.டி. சாரிடமும் முதல் நாளே போய்ச் சொல்லிவிடு, நான் மே மாதத்திலிருந்து இப்படி ஓடிக்கொண்டு வருகிறேன், இந்த வாரம் இது என்று நோட்டைக் காட்டு. நோட்டில் தேதி, நிமிஷம், எங்கே வலித்தது, இந்த மூன்று போதும். பெரும்பாலான சார்மார் சந்தோஷப்படுவார்கள். பெயர் கொடுக்கும்போதே வயதுச் சான்று, ஆதார் நகல், போட்டோ எல்லாம் கேட்பார்கள், முந்தின நாள் ராத்திரி தேடாதே.

போட்டி அன்றைக்கு ஒன்றைக் கவனி. குறுவட்டப் போட்டி நடக்கிற மைதானங்களில் பல இடத்தில் 400 மீட்டர் டிராக் இருக்காது, சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் சுற்றுதான். அப்படி என்றால் 1500 ஏழரைச் சுற்று, 3000 பதினைந்து சுற்று. யாராவது ஒரு கூட்டாளியைக் கோட்டோரம் நிறுத்தி ஒவ்வொரு தடவையும் எத்தனை பாக்கி என்று கத்தச் சொல், எண்ணிக்கை தப்பி ஒரு சுற்று முன்னாலேயே பாய்ந்து முடித்துவிட்டு நிற்கிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கலாம். வளைவு இறுக்கமாக இருப்பதால் முந்துவதை எல்லாம் நேர்கோட்டில் வைத்துக்கொள், வளைவில் வெளிப்பக்கம் ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் சில மீட்டர் சும்மா கூடும். விசில் அடித்ததும் பாதிப் பேர் நூறு மீட்டர் பந்தயம் மாதிரிப் பறப்பார்கள், விடு, நீ பத்தாவது வாரத்தில் பழகிய அந்த 80 நொடியையோ 90 நொடியையோ பிடி, 200 மீட்டர் சுற்று என்றால் அது இரண்டு சுற்றுக்கான கணக்கு. மூன்றாவது, நாலாவது சுற்றில் அவர்கள் ஒவ்வொருவராக உன் பக்கம் வருவார்கள்.

அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகிவிட்டால் வருவாய் மாவட்டப் போட்டிக்கு நடுவே சில வாரம் கிடைக்கும். முதல் நாலு நாள் மெதுவான ஓட்டம் மட்டும், அப்புறம் எட்டாவது வாரக் கணக்கைத் திரும்ப எடு. தேர்வாகவில்லை என்றாலும் அதேதான், பொங்கலுக்கு ஊர் ஊராக கிளப்புகள் ரோட்டு ஓட்டம் நடத்துவார்கள், அதற்கு ஐந்து மாதம் இருக்கிறது.